எமேக்காவுக்கு வைத்த வெளிச்சம்

ஏப்ரல் 22, செவ்வாய்

திருப்பூர் வந்து சேர்ந்தேன். ஹோட்டல் என்று சொல்லியிருந்தார்கள், லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஏசி சத்தம் போடுவதோடு தன் கடமை முடிந்தது என்று இருக்கிறது.

டைரக்டர் கோகிலவாணியே ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். ஸ்கூட்டரில்! என் பெட்டிகளைப் பார்த்த பிறகுதான் ஆட்டோ கூப்பிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. முப்பது வயதுகூட இராது. உள்ளூர்ப் பெண். அப்பா சாயப்பட்டறையில் துணி வெளுக்கிற வேலை பார்த்தாராம். இவள் இரண்டு குறும்படம் எடுத்திருக்கிறாள், அதற்குள் முழுநீளப் படம்.

"நீங்க ஒத்துக்கிட்டதே பெருசுங்க சார்" என்றாள்.

அதுவாவது தெரிந்திருக்கிறதே. கதாநாயகி முகம் பளிச்சென்று வர வேண்டுமென்றால் வேதமாணிக்கத்தைக் கூப்பிடு என்று இருபத்தைந்து வருஷம் சொன்ன ஊர் சென்னை. இப்போது கொஞ்ச நாளாகக் கூப்பிடவில்லை. அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரவு கதையைச் சொன்னாள். நைஜீரியாவிலிருந்து பனியன் வாங்க வந்த வியாபாரி ஒருவன் ஒரு சந்தில் வாடகைக்கு இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் காணாமல் போகிறாள். பழி இவன் மேல். கூட்டம் கூடி அடிக்கிறது. அந்தப் பெண் அத்தை வீட்டுக்குப் போய்விட்டுச் சாவகாசமாகத் திரும்பி வருகிறாள். இவ்வளவுதான். பாட்டு கிடையாது. படத்துக்குப் பெயரும் இன்னும் வைக்கவில்லை.

கதை போகட்டும். ஸ்டைல் என்று ஒன்று வைத்திருக்கிறாள், அதைக் கேட்டுத்தான் எனக்குத் தலைவலி. முதலில் சந்தில் உள்ள வீடுகள் நீலம், மஞ்சள், பச்சை என்று இருக்குமாம். வதந்தி பரவப் பரவ ஒவ்வொரு வீடாக வெள்ளையடித்துக்கொண்டே வருவார்களாம். யார் அடித்தது, ஏன் அடித்தது என்று படத்தில் யாரும் பேசமாட்டார்களாம். கடைசி சீனில் சந்து முழுக்க சுண்ணாம்பு வெள்ளை. அதைவிட மேல், கேமராவுக்குள் விடுகிற வெளிச்சத்தின் அளவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அந்தக் கறுப்பன் முகத்துக்கே வைக்க வேண்டுமாம். மற்றவர்கள் வெளுத்துப் போனால் போகட்டுமாம்.

"அவங்களுக்குக் கோபம் ஏற ஏற அவங்க மூஞ்சி அழிஞ்சிட்டே போகோணுங்க சார். கடேசீல ஒரு முகம் மட்டுந்தான் மனுச முகமாத் தெரியோணும்."

முகம் அழிந்தால் தியேட்டர்காரன் ப்ரொஜக்டரைச் சந்தேகப்படுவான் என்றேன். சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

முதல் நாள். குழாயடி சீன். பக்கத்து வீட்டுப் பெண்ணாக நடிக்கிற தன்வி பெங்களூர்ப் பெண், பால் நிறம். அவள் குடம் வைக்கிறாள், அவன் விலகி வழி விடுகிறான். நான் எனக்குத் தெரிந்தபடி எடுத்தேன். பெண் முகத்துக்கு அளவு வைத்தேன், கன்னத்தில் மெல்லிய துணி வழியாக வெளிச்சம். மானிட்டரில் பார்த்தால் கோயில் சிலைக்குத் தைலம் பூசினதுபோல் இருந்தாள். யூனிட் பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.

வியாபாரியாக நடிப்பவன் நடிகனே அல்ல, நிஜ வியாபாரி. பெயர் எமேக்கா. காதர்பேட்டையில் சரக்கு வாங்கி லாகோஸுக்கு அனுப்புகிறவன். பல வருஷமாக இங்கே இருப்பதால் கோகிலவாணியைப் போலவே தமிழ் பேசுகிறான். கேட்கச் சகிக்கவில்லை. அவனும் வந்து மானிட்டரைப் பார்த்தான்.

"ஏனுங்ணா, இதுல நான் எங்கீங்?"

"அங்கேதான் நிற்கிறாய்."

"என்ற சட்டை நிக்குதுங்ணா. சட்டை நல்லா நடிச்சிருக்குது. நான் எங்கீங்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் அசோசியேட் இம்தியாஸும் சிரித்தான். என்னிடம் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறவன்!

கோகிலவாணி சிரிக்கவில்லை. "நாளைக்குத் திருப்பி எடுத்துக்கலாங்க சார்" என்றாள், மிக மரியாதையாக. என் ஷாட்டைத் திருப்பி எடுக்கச் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

திருப்பி எடுத்தோம். அவன் முகத்துக்கு அளவு வைத்தேன். தன்வி முகம் வெந்த முட்டைபோல் ஆனது. மூக்கு எது, கன்னம் எது என்று தெரியவில்லை. கோகிலவாணி கை தட்டினாள். தன்வி கேரவனுக்குள் போய் அழுதிருக்கிறாள். கேரவன் என்றால் ஒரு வேன்.

அவன் முகம் தெரிந்தது என்னவோ உண்மை. நெற்றியில் நீலமாக ஒரு மினுக்கம், கண்ணுக்குக் கீழே செம்பு நிறம். எனக்கே தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இம்தியாஸ் "சார், கட் சொல்லி நேரமாச்சு" என்றான்.

வெயில் தாங்கவில்லை. தொப்பி, முழுக்கை சட்டை, மேலே குடை. குடை பிடிப்பவனிடம் நிழல் நகர்ந்தால் நீயும் நகர வேண்டும் என்று பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் வெயில் பட்டால் தோலுக்கு ஆகாது.

ஏப்ரல் 25, வெள்ளி

வீட்டிலிருந்து கிரேஸ் போன் செய்தாள். மகள் ஜெமிமாவுக்கு வந்த நாகர்கோவில் வரனுக்குப் போட்டோ மிகவும் பிடித்துவிட்டதாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். நான் எடுத்த போட்டோ, பிடிக்காமல் என்ன செய்யும்? கிளம்புவதற்கு முந்தின நாள் மாடியில் வைத்து எடுத்தேன். நாலு பக்கமும் தெர்மாகோல் நிறுத்தி, பிறகு கம்ப்யூட்டரில் கொஞ்சம் சரிசெய்து. கொஞ்சம்தான்.

நீங்கள் ஞாயிறு வந்துவிட முடியுமா என்றாள். ஷூட்டிங் என்றேன். ஞாயிறு விடுமுறைதான். என்னை வைத்துக்கொண்டு பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வந்தார்களாம். காபி குடித்தார்களாம். பையனின் அம்மா செல்லில் இருந்த போட்டோவையும் ஜெமிமாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இது தங்கச்சியா?" என்று கேட்டாளாம். தங்கை கிடையாது என்று கிரேஸ் சொல்லியிருக்கிறாள். அப்புறம் சொல்லியனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள்.

நாகரிகம் இல்லாத கூட்டம். பல்லுக்கு டாக்டராம் பையன். ஊர்ப் பல்லைப் பிடுங்குகிறவனுக்கு இவ்வளவு திமிர்.

"அவ ரூமை விட்டு வெளியே வரலை. உங்களை ஒரு வார்த்தை கேக்கச் சொன்னா" என்றாள் கிரேஸ்.

"என்ன?"

"என்னை எடுங்கன்னுதானே அப்பாட்ட சொன்னேன்னு."

நல்ல படம் எடுப்பது எப்படி என்று இப்போது வீட்டிலும் பாடம்.

ஏப்ரல் 28, திங்கள்

ஜெமிமா போனை எடுக்கவில்லை. பச்சை வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள்.

ஏப்ரல் 30, புதன்

தயாரிப்பாளர் நாச்சிமுத்து வந்தார். பனியன் எக்ஸ்போர்ட். சினிமா பற்றி ஒன்றும் தெரியாது. அது தெரியாது என்பதும் தெரியாது. எடுத்தவரை போட்டுக் காட்டினோம். பாதியில் எழுந்து வெளியே வந்து என் தோளில் கை போட்டார்.

"என்னங்க மாணிக்கம், அந்தப் புள்ளைக்கு அத்தன செலவு பண்ணிக் கூட்டியாந்தா, மூஞ்சியே காணமே? அவன் மூஞ்சியப் பாக்கவா சனம் தியேட்டருக்கு வரும்?"

"டைரக்டர் கேட்கிறார்கள்" என்றேன்.

"அது சின்னப் புள்ளைங்க. என்ற தங்கச்சி மகளோட படிச்சுது, சரின்னு காசு போட்டேன். சனத்துக்குக் கொஞ்சம் பயம் வேணுங்க. அவனப் பாத்தா கப்புனு இருக்கோணும். வெறும் கண்ணும் பல்லும். உங்குளுக்குத் தெரியாததுங்களா?"

தெரியாததா? இந்த ஊரில் சினிமா புரிந்த ஒரே ஆள் பனியன்காரர் என்பது என் தலையெழுத்து. அவர் மைத்துனர் சென்னையில் பெரிய படம் ஆரம்பிக்கிறாராம். ஒளிப்பதிவுக்கு இன்னும் யாரையும் பேசவில்லையாம். போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

மே 2, வெள்ளி

கோகிலவாணி கோயமுத்தூருக்கு, கூட்டமாக நடிக்க நாடகக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தாள். யூனிட்டுக்கு விடுமுறை. நாச்சிமுத்து போன் செய்து, விளம்பரத்துக்கு ஒரே ஒரு ஷாட் வேண்டும் என்றார்.

இம்தியாஸைக் கூப்பிட்டேன். வயிற்றுவலி என்றான். காலையில் இரண்டு பிரியாணி சாப்பிட்டவன். சரி, லைட்டை நானே தூக்கி வைத்தேன். வாசற்படி. பின்னாலிருந்து தோள்மேல் கத்தி விளிம்புபோல் ஒரு கோடு வெளிச்சம், முன்னால் ஒன்றும் இல்லை. கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"இது எந்த சீனுங்ணா?" என்றான் எமேக்கா.

"போஸ்டருக்கு."

"பொட்டணத்துல என்னங்ணா?"

"பட்டன்."

"அப்ப சிரிச்சிட்டு நிக்கிறனுங்."

"வேண்டாம். தலையை இறக்கு. கண்ணை மட்டும் மேலே தூக்கு. மெதுவாக."

சொன்னபடி செய்தான். நல்ல மாணவன். இருபது நிமிஷத்தில் முடிந்தது. இந்தப் படத்தில் நான் எடுத்த முதல் உருப்படியான ஷாட். முடிந்ததும் தன் வீட்டிலிருந்து எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தான். உப்பு அதிகம்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் ஆரம்பம்.

காலையில் செல்லைத் திறந்தால் என் ஷாட். கீழே தாளம், உறுமல், சிவப்பு எழுத்து: "நம்ம ஊருக்குள்ள வந்தவன் யாரு?" ஃப்ரேமைச் சாய்த்து வேறு வைத்திருக்கிறார்கள். பொட்டலத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். எடிட்டிங் மட்டமானாலும் ஷாட் நின்றது. மத்தியானத்துக்குள் டீக்கடைக்காரன், லாட்ஜ் மேனேஜர், பூக்காரி எல்லோர் செல்லிலும் இருந்தது.

கோகிலவாணி லாட்ஜுக்கே வந்துவிட்டாள். தலைகூடச் சீவவில்லை.

"சார், இத யாருங்க எடுத்தது?"

"நாச்சிமுத்து யாரையாவது ஆள் வைத்து எடுத்திருப்பார்" என்றேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "செரிங்க" என்று போனாள். எதற்கெடுத்தாலும் சரிங்க. முதுகெலும்பு இல்லாத தலைமுறை.

மே 5, திங்கள்

எமேக்காவை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். நிஜ வீட்டுக்காரர், நிஜ வீடு. சினிமாவையும் நிஜத்தையும் குழப்பிக்கொள்கிற ஜனங்களுக்காகத்தான் நாம் ராத்திரி பகல் உழைக்கிறோம். காதர்பேட்டையில் எப்போதும் வாங்குகிற கடையில் "ரெண்டு மாசம் கழிச்சு வா" என்றார்களாம். தன் மூட்டைகளைக் கொண்டுவந்து செட் வீட்டுக்குள் அடுக்கிவிட்டான். அடுத்த சீனுக்கு அந்த அறை காலியாக இருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மூட்டைகளை வைத்தே ஃப்ரேமை மாற்றிக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

சாயங்கால வெளிச்சத்தில் எடுக்க வேண்டிய சீன். சூரியன் இறங்கினதும் பெரிய லைட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். சந்து முனையில் சத்தம். கோயமுத்தூர் நாடகக்காரர்கள் சீக்கிரம் வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்களைவிட நன்றாகக் கத்தினார்கள். நாற்பது பேர் இருக்கும். கையில் கட்டை, ஒருவனிடம் கிரிக்கெட் மட்டை.

"அந்த நீக்ரோவ வெளிய அனுப்புடி!"

கோகிலவாணி போய் நடுச்சந்தில் நின்றாள். உயரம் ஐந்தடி இருந்தால் அதிகம்.

"அண்ணா, இது சினிமாங்ணா. கதைங்ணா."

"சினிமாவுலதான பாத்தோம்? பாத்துட்டுத்தான வாரோம்! கஞ்சாப் பொட்டணத்தோட நிக்கறானல்ல?"

எமேக்கா செட் வீட்டுக்குள் இருந்தான். அந்த வீட்டுக் கதவு ஒட்டுப்பலகை. நான் தள்ளினாலே விழும்.

தன்வி வேனுக்குள் ஓடிவிட்டாள். யூனிட் ஆட்கள் பாதி பேரைக் காணவில்லை. நான் லைட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அதை விட்டு எங்கே போவது, வாடகை லைட். மட்டைக்காரன் என்னைப் பார்த்தான். இருட்டிக்கொண்டு வந்தது. நெருங்கி வந்து என் முகத்துக்கு நேரே சிரித்தான்.

"நீ யாருய்யா? அவன் அண்ணனா? தமிழ் தெரியுமா உனக்கு?"

பின்னால் நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

அதற்காகச் செய்தேன் என்று இம்தியாஸ் நினைக்கிறான். அதற்காக அல்ல. சீன் வீணாகிக்கொண்டிருந்தது.

"லைட்டைத் திருப்பு" என்றேன். திருப்புகிறவன் இல்லை. நானே திருப்பினேன். நாலாயிரம் வாட். மூடியிருந்த துணியைக் கிழித்துவிட்டு நேராக அவர்கள் முகத்தில் அடித்தேன். சந்தில் பாதிக்கு வெள்ளையடித்திருந்ததால் சுவரில் பட்டு நாலு பக்கத்திலிருந்தும் அடித்தது. நாற்பது முகமும் அப்படியே நின்றது. ஒவ்வொரு பருவும், ஒவ்வொரு பல்லிடுக்கும் தெரிந்தது. சந்தனப்பொட்டு வைத்த ஒரு பெரியவர், பனியன் கம்பெனி சட்டை போட்ட இருவர், எங்களுக்கு டீ கொண்டுவருகிறவன்.

"இம்தியாஸ், கேமரா ஓடட்டும்" என்று கத்தினேன். "ஆளுக்கு ஒரு க்ளோசப். தலையை நிமிர்த்துங்கள்! பேரைச் சொல்லுங்கள், அப்பா பேரைச் சொல்லுங்கள், எந்தக் கம்பெனி என்று சொல்லுங்கள்! டேய் மட்டை, நீதான் ஹீரோ. நகராதே, ஃபோகஸ் போகிறது!"

மட்டைக்காரன் மட்டையால் முகத்தை மறைத்தான். இரண்டு பேர் கைக்குட்டை கட்டினார்கள். பெரியவர் வேட்டியைத் தூக்கி முகத்தை மூடப்போய் மானம் போயிற்று. டீக்காரன் முதலில் ஓடினான். முகம் தெரிகிற இடத்தில் இவர்களுக்கு வீரம் வருவதில்லை. போகிற வேகத்தில் எவனோ எறிந்த கல் லைட் கண்ணாடியை உடைத்தது. அதற்குள் சந்து காலி.

கோகிலவாணி நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடமே நீட்டினாள்.

மே 7, புதன்

போலீஸ் வந்தது. கூட்டம் போட்டவர்களை ஒன்றும் கேட்கவில்லை. எமேக்காவின் பாஸ்போர்ட்டைத்தான் கேட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். கொஞ்ச நாள் வெளியூர் போவது நல்லது என்றார்கள். டெல்லியில் அவன் சித்தப்பா மகன் இருக்கிறானாம்.

ரயிலேற்ற நானும் போனேன். வண்டியில் இடம் இருந்தது. கோகிலவாணி டிக்கெட் சம்பந்தமாக எங்கோ ஓடினாள். பிளாட்பாரத்தில் நாங்கள் இருவரும் மூட்டைகளும்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "லைட் போட்டதும் எப்படி ஓடினார்கள் பார்த்தாயா?" என்றேன்.

"பாத்தனுங்ணா. ஜன்னல் வழியாப் பாத்தேன்." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முதல் நாளு, இவருக்குக் கருப்பு ஆளுக்கு லைட் போடத் தெரியாது, வயசாயிருச்சு, பாவம்னு நெனச்சனுங்ணா. கோவமே வரல."

மூட்டைக் கயிறு ஒன்றை இறுக்கிக் கட்டினேன்.

"தெரியும் உங்குளுக்கு. நல்லாத் தெரியும். அதுதானுங்ணா கஷ்டமா இருக்குது."

ரயில் வந்தது. மூட்டைகளை ஏற்றிக் கொடுத்தேன். கை கொடுப்பான் என்று நினைத்தேன். இரண்டு கையிலும் மூட்டை இருந்தது. கோகிலவாணி ஓடி வந்தபோது அவள் தலையில் கை வைத்து ஏதோ அவன் பாஷையில் சொன்னான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

ரயில் சுத்தமாக இல்லை. இந்த நாட்டில் எதுவுமே சுத்தமாக இல்லை.

மே 8, வியாழன்

லாட்ஜிலேயே இருந்தேன். நாச்சிமுத்து விளம்பரத்தை எடுத்துவிட்டார். பயந்தாங்கொள்ளி. சனிக்கிழமையோடு மூட்டை கட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. மைத்துனர் படத்தைப் பற்றி அவரே பேச்செடுத்தார், மறுபடி விசாரித்துச் சொல்வதாக. சொல்ல வேண்டாம் என்றேன். என்ன கோபம் என்றார். கோபம் இல்லை, தேதி இல்லை என்றேன்.

மே 9, வெள்ளி

காலையில் கோகிலவாணி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அந்த வாசப்படி ஷாட்டு. தோள்மேல அந்தக் கோடு."

"என்ன?"

"அந்தக் கோட்ட அந்த மாதிரி தமிழ்நாட்டுல ஒருத்தர்தானுங்க வெப்பாரு. காலேஜ்ல உங்க படத்த நிறுத்தி நிறுத்திப் பாத்துத்தான் நான் படிச்சேன். எனக்குத் தெரியாதுங்களா?"

"ஞாயிற்றுக்கிழமையே தெரியுமா?"

"பாத்தவுடனே தெரியுமுங்க."

"அப்போதே என்னைப் போகச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருப்பேன்" என்றாள். "வேற கேமராமேன் வர்றதுக்குக் காசு இல்லீங்க."

நாற்பது வருஷ சினிமாவில் என்னிடம் யாரும் இவ்வளவு கேவலமாகப் பேசினதில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. சரிங்க, போறேனுங்க, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி வருமுங்க என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கிரேஸுக்குப் போன் செய்தேன். ஜெமிமா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாளாம். பேசுவாளா என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

மே 10, சனி

கடைசி நாள். கடைசி சீன்.

சந்து முழுக்க வெள்ளை. தரை, கூரை, திண்ணை, மின்கம்பம்வரை சுண்ணாம்பு. மத்தியான வெயில் அதில் விழுந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. கூட்டமாக நடிக்கிற நாடகக்காரர்கள் இரண்டு பக்கமும் நிற்பார்கள். வியாபாரி நடுவில் நடந்துபோக வேண்டும். அவர்கள் திட்டுவார்கள், தள்ளுவார்கள். கேமரா பின்னாலேயே போகும். முன்னாலிருந்து எடுக்க வேண்டிய க்ளோசப்பை, வெள்ளையடித்த பாதியில் வைத்து எமேக்கா இருக்கும்போதே எடுத்துவிட்டாள். முதுகு மட்டும் பாக்கி. எமேக்கா இல்லை.

"டூப் யாரு?" என்றான் இம்தியாஸ்.

உயரமான ஆள் வேண்டும். அகலத் தோள். நரைத்தாலும் பரவாயில்லை, தொப்பி போட்டுக்கொள்ளலாம். கழுத்தும் கையும் தெரியும், அதனால் நிறமும் வேண்டும். நாடகக்காரர்களில் ஒருவனுக்கு மை பூசலாம் என்றான் உதவி டைரக்டர். கோகிலவாணி கூடாது என்றாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தால் எனக்குப் புரியாதா? தைரியம் இல்லாத பதர்கள். கேட்டால் கடித்தா விடுவேன்?

"சட்டையைக் கொண்டு வா" என்றேன்.

குடைக்காரன் குடையோடு கூடவே வந்தான், போ என்று விரட்டினேன். எமேக்காவின் சட்டை எனக்குச் சரியாக இருந்தது. வெயில் நேராகக் கழுத்தில் இறங்கியது. இம்தியாஸ் லைட் மீட்டரைக் கொண்டுவந்து என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். அவனைப் பன்னிரண்டு வருஷமாக நான் எத்தனையோ கன்னத்துக்குப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். முள்ளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "லென்ஸை இன்னும் ஒன்றரை ஸ்டாப் திறக்கணும் சார்" என்றான்.

"திற" என்றேன்.

நடந்தேன். நாடகக்காரர்கள் நன்றாகத் திட்டினார்கள். வசனம் கோகிலவாணி எழுதினது, நடுநடுவே அவர்களாகவும் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்ததெல்லாம் நிறத்தைப் பற்றி. யோசிக்காமல் வந்தது, சின்ன வயதிலிருந்தே கைவசம் இருந்தமாதிரி. ஒரு பெண் என் கையில் துப்பினாள். நிஜமாகத் துப்பச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, நல்ல நடிகை. அந்த வெளிச்சத்தில் அவள் முகம் எனக்கும் சரியாகத் தெரியவில்லை. யாருடைய முகமும் தெரியவில்லை. வெள்ளையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

திரும்பக் கூடாது என்று பலமுறை சொல்லியிருந்தாள். திரும்பினால் வேறு ஆள் என்று தெரிந்துவிடும், இத்தனை நாள் எடுத்த கண்டின்யூட்டி நாசம். எனக்கா கண்டின்யூட்டி சொல்லித்தர வேண்டும்?

சந்தின் கடைசி வீட்டருகே வந்ததும் நின்றேன். தொப்பியைக் கழற்றினேன். திரும்பினேன். கேமராவை நேராகப் பார்த்தேன்.

சத்தம் நின்றது. இம்தியாஸ் கேமராவை இறக்கவில்லை. கட் வரவில்லை. அவள் மானிட்டருக்குப் பின்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் கட் சொன்னாள். ஒன் மோர் கேட்கவில்லை.

ஏன் திரும்பினீங்க சார் என்று கேட்டாள். கழுத்து பிடித்துக்கொண்டது என்றேன்.

மே 14, புதன்

சென்னை. கழுத்தில் தோல் உரிகிறது. கிரேஸ் கற்றாழை தடவினாள்.

கோகிலவாணி போன் செய்தாள். எடிட்டிங் ஆரம்பித்துவிட்டாளாம். கடைசி ஷாட்டில் நான் திரும்புவதற்கு முன்னால் வெட்டிவிடு, முதுகோடு முடி என்று சொன்னேன். நடப்பது எமேக்கா, திரும்புவது யாரோ தமிழன். ஜனங்களுக்கு ஒன்றும் புரியாது, தப்பு என்று சிரிப்பார்கள் என்றேன். இலக்கணம் என்று ஒன்று இருக்கிறது.

வெட்ட மாட்டாளாம்.

முப்பது வயது. சினிமாவில் ஓர் எழுத்து தெரியாது.